கபுரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்

இறைநேசர்களின் கபுர் (அடக்கத்தலம்) இருக்கும் தர்காவுக்குப் போகலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் நாற்பது வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். 80களில் தவ்ஹீது (ஓரிறைக் கொள்கை) பிரச்சாரம் சூடு பிடித்தது. ஊருக்கு ஊர் பள்ளிவாசல் பிரிந்தது. அண்ணன் ஒரு பள்ளியில், தம்பி இன்னொரு பள்ளியில். கேசட், சிடி, யூடியூப் என்று கருவிகள் மாறின, பேசுபொருள் மாறவில்லை. ஒரு தரப்பு "ஷிர்க்" (இறைவனுக்கு இணை வைப்பது) என்கிறது, மறு தரப்பு "வஹ்ஹாபி" (சவூதி பாணிக் கடும்போக்காளர்) என்கிறது.

இதில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. கபுரில் அடங்கியிருப்பவர் உயிரோடு இருந்தபோது தன் முரீதுகளுக்கு (சீடர்களுக்கு) என்ன சொல்லிக் கொடுத்தார் என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை. அதுதான் என் ஆதங்கம். தஸவ்வுஃப் (சூஃபி வழி) என்று நம் முன்னோர் ஓதியது நஃப்ஸை, அதாவது நமக்குள் இருக்கும் "நான்" என்பதைப் பழக்கும் பாடம். கோபம், பொறாமை, பெருமை, பேர் வாங்கும் ஆசை இவை உள்ளே எங்கே ஒளிந்திருக்கின்றன, எப்படிப் பிடிப்பது என்கிற பாடம். ஜியாரத் (கபுரைத் தரிசிப்பது) அதன் ஓரத்தில் இருந்த ஒரு விஷயம். ஓரத்துக்காக நடந்த சண்டையில் பாடத்தையே மறந்துவிட்டோம்.

நாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மத நல்லிணக்கக் கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் இதை விடுவதில்லை. சந்தனக்கூடு, கந்தூரிக் கொடியேற்றம் எல்லாம் டிவியில் வரும். ஆனால் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் வடக்கே குவாலியரில் முஹம்மது கவ்து என்ற ஷெய்கிடம் (குருவிடம்), ஷத்தாரிய்யா என்ற தரீக்காவில் (சூஃபி மரபில்), பல வருஷம் முரீதாக இருந்து பயிற்சி எடுத்தவர் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? தட்டில் பூவும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கும் தெரியாது, அவரைத் திட்டி நோட்டீஸ் அடிப்பவருக்கும் தெரியாது.

தக்கலை கொஞ்சம் பரவாயில்லை. 17ஆம் நூற்றாண்டின் பீர் முஹம்மது அப்பாவுக்கு வருஷா வருஷம் ரஜப் 14 இரவு அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியையே விடிய விடியப் பாடுகிறார்கள். அடங்கியிருப்பவரின் சொல்லும் அவருடைய கபுரும் அந்த ஓர் இரவாவது சேர்ந்தே இருக்கின்றன. குணங்குடி மஸ்தான் சாகிபுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1838இல் இறந்து ராயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அவர் பாடிய பராபரக்கண்ணியைத் தமிழ்ப் பேராசிரியர்கள் தாயுமானவரோடு ஒப்பிட்டு ஆய்வு செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். அவர் காதிரிய்யா என்ற சூஃபி வழியில் வந்தவர், அந்தப் பாட்டெல்லாம் தன் மனதைத் தானே உலுக்கிக்கொண்ட பாட்டு என்பது ஆய்வேட்டோடு நின்றுவிடுகிறது.

தவ்ஹீது பேசுகிற தம்பிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அறிஞர் இப்னு தைமிய்யா, காதிரிய்யா வழியின் தலைவரான அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் ஃபுதூஹுல் கைப் நூலின் சில பகுதிகளுக்கு விளக்கம் எழுதியவர். அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம், ஹிராத் நகரத்து சூஃபி அப்துல்லாஹ் அன்சாரியின் சின்னஞ்சிறு நூலொன்றை எடுத்து, மதாரிஜுஸ் ஸாலிகீன் என்று பல பாகத்துக்கு விரிவுரை செய்தார். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் வெட்டிப் பேசுகிறார். அப்போதும் அன்சாரியை ஷைகுல் இஸ்லாம் என்றுதான் அழைக்கிறார். தவ்பா (பாவமீட்சி), தவக்குல் (இறைவனைச் சார்ந்திருப்பது), இக்லாஸ் (தூய எண்ணம்), முராகபா (இறைவன் பார்க்கிறான் என்ற விழிப்பு) என்று படிப்படியாக அந்த நூல் போகும். அந்த இருவரும் தஸவ்வுஃபில் தவறென்று கண்டதை எதிர்த்தார்கள், சரியென்று கண்டதை உட்கார்ந்து படித்தார்கள். நாமோ முதல் பாதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

சரி, அந்தப் பாடம் இல்லாமல் போனதால் என்ன நஷ்டம்? ஒரே ஓர் உதாரணத்தோடு நிற்கிறேன்: ரியா. முகஸ்துதி. அதாவது, பிறர் பார்த்துப் புகழ வேண்டும் என்று நற்செயல் செய்வது.

இமாம் கஸ்ஸாலி பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பேர்போன ஆசிரியராக இருந்தவர். 1095இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். ஏன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பாடம் நடத்துவதில் தன் நிய்யத்து (நோக்கம்) என்ன என்று சோதித்துப் பார்த்தாராம். அது அல்லாஹ்வுக்காக இல்லை, பதவியும் பேரும்தான் தன்னைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்று கண்டாராம். அப்புறம் எழுதியதுதான் இஹ்யா என்ற பெரிய நூல். 40 புத்தகங்கள், நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதி முழுக்க மனிதனை அழிக்கும் குணங்களைப் பற்றியது. அதில் ரியாவைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தால் நம் டைம்லைனைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும்.

ரியா எதன் வழியாகவெல்லாம் வெளியே வரும் என்று ஐந்து வாசல்களைக் காட்டுகிறார். முதலில் உடம்பு: நோன்பாளி என்று தெரியும்படி காய்ந்த உதடு, குழிந்த கண், தாழ்ந்த குரல். இரண்டாவது உடை. இங்கே சூஃபிகளையே பிடிக்கிறார். ஒட்டுப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு துறவி வேஷம் கட்டுகிறவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மூன்றாவது பேச்சு: ஆள் பார்க்கும்போது உதட்டை அசைத்து திக்ர் (இறை நினைவு) செய்வது. நான்காவது அமல் (வழிபாட்டுச் செயல்): யாரோ உள்ளே வரும் சத்தம் கேட்டதும் ஸுஜூது (நெற்றியைத் தரையில் வைப்பது) நீள்வது. ஐந்தாவது கூட்டாளிகள்: "இன்ன பெரிய ஆலிம் என்னைப் பார்க்க வந்தார்" என்று சொல்லிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதை நாம் போட்டோவாகவே எடுத்து மாட்டிவிடுகிறோம்.

கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபிலிருந்து லைவ். கண்ணீரோடு துஆ, பின்னணியில் நஷீது. குர்பானி மாட்டுக்கு மாலை போட்டு ரீல்ஸ். வெள்ள நிவாரணத்தில் அரிசி மூட்டையை வாங்கும் ஏழைப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறார். கொடுக்கிற நான்கு பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "மற்றவர்களுக்குத் தூண்டுதலாக இருக்கும் பாய்." கஸ்ஸாலிக்கு இந்தப் பதிலும் தெரியும். பிறரைத் தூண்டுவதற்காக அமலை வெளிப்படுத்தலாம் என்று அனுமதிக்கிறார். கூடவே, அதே வேலையை வேறொருவர் செய்து, ஜனங்கள் அவரைப் பின்பற்றி, வெளிப்படையாகச் செய்தால் கிடைக்கிற அதே நன்மை மறைந்திருந்தாலும் உனக்குக் கிடைக்கும் என்றால், நீ மறைந்திருக்கச் சம்மதிப்பாயா என்று உன்னையே கேட்டுப் பார் என்கிறார். மனசு தயங்கினால் விஷயம் வேறு. சரி, வம்பே வேண்டாம் என்று அமலையே விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. மனிதர்களுக்காக ஒரு அமலை விடுவதும் ரியாதான் என்று ஃபுளைல் இப்னு இயாள் என்ற பழைய ஞானி முன்பே கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இது ஏதோ சூஃபிகள் கண்டுபிடித்த விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். மறுமையில் முதலில் தீர்ப்பு வழங்கப்படுகிறவர்கள் மூன்று பேர்: வீரமரணம் அடைந்தவர், இல்மை (மார்க்க அறிவை)க் கற்றுக் கொடுத்துக் குர்ஆன் ஓதியவர், வாரிக் கொடுத்த செல்வந்தர். மூவரும் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள், பிறர் புகழ வேண்டும் என்று செய்ததால். ரியாவை நபி (ஸல்) அவர்கள் சிறிய ஷிர்க் என்று அழைத்ததும் முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஷிர்க்குக்கு எதிராக இத்தனை மாநாடு போட்ட சமுதாயத்தில் இந்த ஷிர்க்குக்கு எதிராக ஒரு தெருமுனைக் கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை. போட்டாலும் பேச்சாளரின் படம் பேனரில் பத்தடிக்கு நிற்கும்.

தர்கா தரப்பிலும் பழுது சின்னதில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தனியார் காப்பகக் கொட்டகையில் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்தத் தீக்குப் பிறகுதான் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. வலிமார்களின் கராமத்தை (இறைநேசர்களின் அற்புதங்களை)ப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் அந்தச் சங்கிலிகளைப் பற்றிப் பேசினார்கள்? ஷெய்குப் பட்டம் வாப்பாவிடமிருந்து மகனுக்குச் சொத்து மாதிரி இறங்குவதும், முகம் பார்க்காமல் வாட்ஸ்அப்பிலேயே பைஅத் (சீடராக ஏற்கும் உறுதிமொழி) கொடுப்பதும் சேர்ந்துகொண்டன. ஷெய்கு என்று ஒருவர் தேவைப்படுவதே, என் நஃப்ஸ் போடும் வேஷத்தை நான் பார்க்க முடியாது, கூட இருந்து பழகுகிற இன்னொருவரால் முடியும் என்பதால்தான். ஆயிரம் முரீதுகளை ஒரு குரூப்பில் சேர்த்து விர்து (தினமும் ஓத வேண்டியது) அனுப்புகிறவருக்கு எந்த முரீதின் கோபம் தெரியப் போகிறது?

மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது. "எனக்கு சூஃபிசம் ரொம்பப் பிடிக்கும், இந்தத் தொழுகை ஷரீஅத் எல்லாம்தான்..." என்று இழுக்கிறவர்கள். நல்ல மனிதர்கள், நண்பர்கள். பாரசீகக் கவி ரூமி சொன்னதாக இவர்கள் பகிர்கிற வரிகளில் பாதி ரூமியினுடையதுதானா என்பதே சந்தேகம். ரூமி ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டப்) பாடம் நடத்திய மௌலவி. தன் மஸ்னவியை "தீனுடைய வேர்களின் வேர்களின் வேர்" என்று முன்னுரையில் அறிமுகப்படுத்துகிறார். அந்த வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் குவளையில் வைத்துக்கொண்டோம். துருக்கியில் 1925இல் சட்டம் போட்டு தக்கியாக்களை (சூஃபி மடங்களை) மூடினார்கள். ரூமி அடங்கியிருக்கும், திக்ர் நடந்த கோன்யா தக்கியாவை மியூசியம் ஆக்கினார்கள். பின்னாளில் அங்கே திக்ராக இருந்த சுழல் நடனம் டிக்கெட் போட்டுக் காட்டும் கலை நிகழ்ச்சியானது, யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. தரீக்கா நடத்தத் தடை, ஆடிக்காட்ட அனுமதி!

அமெரிக்காவில் ரூமியைப் பிரபலமாக்கிய கவிஞர் கோல்மன் பார்க்ஸுக்குப் பாரசீகம் தெரியாது. ஆனால் அவருடைய குரு ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேசிக்கொண்டிருந்த பாவா முஹிய்யத்தீன்தான் அவர். 1971இல் ஃபிலடெல்ஃபியா போனார். 1986இல் மறையும்வரை தமிழிலேயே பேசினார், சீடர்கள் மொழிபெயர்த்தார்கள். ஞானகுரு தேடி வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்குக் கதை சொன்னார், சமைத்துப் போட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு தொழுகை வந்தது. 1984இல் பள்ளிவாசலே எழுந்தது. உள்ளுக்குப் பேசத் தொடங்கியவர் கடைசியில் அவர்களைத் தொழுகை ஸஃப்பில் (வரிசையில்) கொண்டுபோய் நிறுத்தினார். சூஃபிசம் வேறு, இஸ்லாம் வேறு என்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

அரசாங்கங்களுக்கும் சூஃபியைப் பிடிக்கும். 2016 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலக சூஃபி மாநாட்டில் பிரதமரே வந்து பேசினார். சூஃபி என்றால் வாய் திறக்காத நல்ல முஸ்லிம் என்று ஒரு கணக்கு. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையோடு 1832இலிருந்து 1847வரை போரிட்ட அமீர் அப்துல் காதிர், காதிரிய்யா தரீக்காக் குடும்பத்துப் பிள்ளை. லிபியாவில் இத்தாலியர்கள் 1931இல் தூக்கிலிட்ட உமர் முக்தார் ஸனூஸிய்யா தரீக்காக்காரர். அதே அப்துல் காதிர், நாடு கடத்தப்பட்டு டமாஸ்கஸில் வாழ்ந்தபோது, 1860 கலவரத்தில் கொலைவெறிக் கூட்டத்துக்கு நடுவே நின்று ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காப்பாற்றினார். தன் நாட்டைப் பிடித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அந்தக் கணக்கை அவர் அங்கே தீர்க்கவில்லை. நஃப்ஸைப் பழக்குவது என்றால் நடைமுறையில் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், 2017 நவம்பரில் எகிப்தின் சினாயில் சூஃபிகள் தொழும் பள்ளிவாசலில் ஜும்ஆ நேரத்தில் தீவிரவாதிகள் 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றுவிட்டு அதற்கு தவ்ஹீது என்று பெயர் வைக்க ஒருவனால் முடிகிறது என்றால், கல்பை (உள்ளத்தை)ப் பார்க்காத மார்க்கம் எதுவரை போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவுக்கும் இந்தப் பாடம் அடியோடு அற்றுப் போய்விடவில்லை. காயல்பட்டினத்தில் ஷாதுலிய்யா தரீக்காக்காரர்களின் ஸாவியாவில் (சூஃபிக் கூடத்தில்) திக்ர் நடக்கிறது. கடலோர ஊர்களில் பெண்களுக்கென்று தைக்காக்கள் (ஓதுமிடங்கள்) உண்டு. என் உம்மாவின் உம்மாவுக்கு இஹ்யா என்றால் என்ன என்று தெரியாது. ஃபஜ்ருக்குப் பிறகு தஸ்பீஹ் ஓதுவார். வீட்டில் யாராவது பக்கத்து வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவ ஹக்கு நமக்கெதுக்கு, விடுங்கடி" என்று எழுந்து போய்விடுவார். கீபத்து (புறம் பேசுவது) ஹராம் என்பதற்கு எனக்கு இப்போது பத்து ஆதாரம் சொல்லத் தெரியும். எழுந்து போகத் தெரியவில்லை.

கபுர் விவாதத்தை முடித்துவிட்டு இதற்கு வருவோம் என்றால் அது கியாமத் வரை முடியாது. ஜியாரத் செய்கிறவர் செய்யட்டும், மறுக்கிறவர் மறுக்கட்டும். கோபத்தையும் பொறாமையையும் ரியாவையும் பற்றி இரண்டு பள்ளியிலும் பாடம் நடத்த யாருடைய அகீதாவும் (கொள்கையும்) குறுக்கே நிற்காது. ஒருவர் கஸ்ஸாலியிலிருந்து நடத்தட்டும், மற்றவர் இப்னுல் கய்யிமிலிருந்து நடத்தட்டும்.

எங்கள் மஹல்லாவில் ஹஜ்ரத்திடம் (இமாமிடம்) கேட்டேன். வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு இஹ்யாவின் ரியா பகுதியை வாசித்து விளக்கச் சம்மதித்திருக்கிறார். கமிட்டியில் சொன்னபோது ஒரு உறுப்பினர் உற்சாகமாக, "பேஸ்புக்கில் லைவ் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. வியாழக்கிழமைகளில், முதல் ஸஃப்புக்குப் பக்கத்தில் உட்காருவோம். எந்தப் பள்ளிக்காரரும் வரலாம்.