வண்டி நின்றுவிட்டது, ஆர்.சி. நிற்கவில்லை

அப்பாவின் ஸ்கூட்டரை இரும்புக்குப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அந்த வண்டியின் பேரில் அம்மாவின் ஃபோனுக்கு ஓர் அபராதச் செய்தி வந்தது. ஹெல்மெட் போடவில்லையாம். படத்தைத் திறந்து பார்த்தால் யாரோ ஒரு பையன், வேறு ஏதோ ஒரு வண்டி, நம்பர் பிளேட் மட்டும் எங்களுடையது. அம்மா படத்தை விரலால் பெரிதாக்கி, "இது அப்பா நம்பர்தானடா?" என்று கேட்டார். அவர் கேட்டது அபராதத்தைப் பற்றி இல்லை. அப்பா போன பிறகு அந்த நான்கு எண்களை அவர் பார்ப்பது அன்றைக்குத்தான்.

எங்கள் மேல் தப்பு இருக்கிறது. வண்டியை எடைக்குக் கொடுத்தோம், பிளேட்டைக் கழற்றாமல் கொடுத்தோம், ஆர்.சி. புத்தகத்தை மட்டும் அப்பாவின் ஞாபகமாகப் பீரோவில் வைத்துக்கொண்டோம். வண்டியே போய்விட்டது, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தோம். நிறைய வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்துக்கு வண்டி என்பது வாசலில் நிற்கும் இரும்பு இல்லை, பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளர் என்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தக் கார் விற்கப்பட்டு அடுத்தடுத்துப் பல கைகள் மாறியிருந்தது. ஆனால் பதிவில் பெயர் மாறவில்லை. கடைசியில் இழப்பீட்டுப் பொறுப்பு, எப்போதோ காரை விற்றுவிட்டுப் போன முதல் ஆளின் தலையில்தான் விழுந்தது. எங்களுக்கு வந்தது ஹெல்மெட் அபராதம். அதே பையன் யார் மேலாவது மோதியிருந்தால்? அந்த நினைப்பு வந்த அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். வண்டி அழிந்துபோனாலோ, இனி ஒருபோதும் ஓட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்தாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள், முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் பதிவை ரத்து செய்வார்கள். இது விருப்பம் இல்லை, கடமை. உரிமையாளர் இறந்துபோனால் வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

இப்போது அலுவலகத்தில் போய் நின்றால், "சேஸிஸ் நம்பர் இருக்கிற துண்டு எங்கே?" என்று கேட்கிறார்கள். வண்டியை உடைக்கும்போது அந்த எண் பொறித்த பகுதியை மட்டும் வெட்டி வாங்கி வைத்திருக்க வேண்டுமாம். இரும்புக்காரர் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தபோது கைநீட்டிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆறு வருஷம் கழித்து அதற்கு எங்கே போவது? போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், கைப்பட உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் முடியவில்லை.

சரி, வரி விஷயத்துக்கு வருகிறேன். சொந்த உபயோகத்துக்கான பைக், கார் என்றால் பெரும்பாலும் வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிடுகிறோம். அதனால் வண்டி சும்மா நின்றாலும் ஒன்றும் உறைக்காது. 15 வருஷம் முடிந்ததும்தான் தெரியும். பதிவைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தால் அதிகபட்சம் ஐந்து வருஷம். தாமதமானால் மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் போட விதிகளில் இடம் இருக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் வண்டிக்கு இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

வாடகை வண்டி வைத்திருப்பவர்கள் பாடு வேறு. அவர்களில் பலருக்கு வரி காலாண்டுக் கணக்கு. என் நண்பர் ஒருவரின் வேன் இன்ஜின் போய் ஐந்து மாதம் ஷெட்டில் நின்றது. சம்பாத்தியம் ஒரு பைசா இல்லை. வண்டி ஓடாமல் நிற்கிறது என்று அலுவலகத்தில் 'ஸ்டாப்பேஜ்' எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "இதோ அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்றே மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்ததால் கொடுக்கவில்லை. இரண்டு காலாண்டு வரியும் அபராதமும் கட்டித்தான் வண்டியை வெளியே எடுத்தார். ஓடவில்லை என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லாவிட்டால் ஓடியதாகத்தான் கணக்கு.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள், பொதுமக்கள் நுழைய முடியாத இடத்தில் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்ட வழக்கு அது. வாகன வரி என்பது பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடு, பொது இடத்தைப் பயன்படுத்தாத காலத்துக்கு வரி இல்லை என்றது நீதிமன்றம். படித்ததும் நண்பருக்கு அனுப்பினேன். ஆனால் அதைக் காட்டி அவரால் தப்பிக்க முடியாது. அவர் வேனுக்கு யாரும் வேலி போடவில்லை, சாலைக்கு வர எந்த நிமிஷமும் வழி இருந்தது. வராததை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. சொல்லும் வழி சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பிரிட்டனில் 1998 முதல் 'சார்ன்' என்று ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சாலையில் எடுக்கப்போவதில்லை என்று உரிமையாளர் ஓர் அறிவிப்புக் கொடுக்கிறார். கட்டணம் கிடையாது. அன்றிலிருந்து வரி இல்லை, இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, கட்டிய வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்குப் பணமும் திரும்ப வருகிறது. பதிலுக்கு ஒரே நிபந்தனை, வண்டி தெருவில் நிற்கக் கூடாது, தனியார் இடத்தில்தான் நிற்க வேண்டும். அறிவிப்பும் கொடுக்காமல் இன்சூரன்ஸும் இல்லாமல் வைத்திருந்தால் அபராதம் வீடு தேடி வரும். இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கிறது.

நம் மத்தியச் சட்டத்தில் சொந்த வண்டிக்கு அப்படி ஓர் இடைநிலையே இல்லை. ஒன்று ஓடும் வண்டி, இல்லையென்றால் செத்த வண்டி. மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் நிற்கும் பைக், கண் பார்வை குறைந்ததால் பெரியவர் ஓட்டாமல் விட்ட கார், இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எல்லா வண்டியும் கணினியில் ஏறிவிட்ட காலத்தில் 'இப்போது ஓட்டவில்லை' என்று ஒரு பொத்தான் வைப்பது பெரிய காரியமா? வைத்திருந்தால் எங்கள் நம்பரோடு அந்தப் பையன் கேமராவைக் கடந்த அன்றே பதிவேடு அவனைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

அது வரும்போது வரட்டும். அதுவரை தயவுசெய்து வண்டியை எடைக்குப் போடாதீர்கள். 2021 விதிகளின்படி அனுமதி பெற்ற ஸ்கிராப் மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் வரியில் சலுகை உண்டு, சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை. வண்டியை அந்த மையத்தில் கொடுக்கும் முன்பே பழைய அபராத பாக்கியை முடித்துவிடுங்கள். கடன் எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆனால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். அதையும் நீக்குங்கள். என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் அலையவிடுவது இந்த ஒன்றுதான்.

சித்தப்பாவின் கார் மூன்று வருஷமாக நிற்கிறது. நேற்று போய் உறையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், நான்கு டயரும் தரையோடு ஒட்டிக்கிடக்கின்றன. பானெட்டைத் திறந்து சேஸிஸ் எண் மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். சித்தப்பா பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேடா" என்றார். அம்மாவுக்கு வந்த படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். திங்கட்கிழமை ஸ்கிராப் மையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.