உலர் படுகைகளில் நாணலும் சம்பும் நட வேண்டும்

செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் மலக்கசட்டை மணல் படுகையில் ஊற்றி வெயிலில் காயவைப்பதே நம் ஊர்களில் பரவலாகத் தெரிந்த முறை. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியதைப் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்; ஏரியிலும் ஓடையிலும் கொட்டுவதோடு ஒப்பிட்டால் எந்தப் படுகையும் மேலானது. ஆயினும் செடியில்லாப் படுகையில், சில வாரங்களுக்கு ஒருமுறை யாராவது இறங்கிக் காய்ந்த கசட்டைச் சுரண்டியெடுக்க வேண்டும். குடற்புழு முட்டைகள் அந்தக் கசட்டில் அப்போதும் உயிரோடிருக்கக்கூடும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ள நாட்டில், இந்த வேலையை இயன்றவரை குறைக்கும் வடிவமைப்பையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தகைய வடிவமைப்பு புதியதன்று. டென்மார்க்கில் 1980களின் இறுதியிலிருந்து நாணல் படுகைகளில் கசடு பதப்படுத்தப்படுகிறது. ஒரு படுகை நிரம்பி அதைக் காலிசெய்ய வேண்டிய நிலை வரப் பத்தாண்டுகள்கூட ஆகின்றன. நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான சான்று தாய்லாந்தில் உள்ளது. பாங்காக் அருகிலுள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1997 முதல் நடந்த ஆய்வில், சரளையும் மணலும் பரப்பிய படுகைகளில் சம்பு என்ற, கோரை போன்ற நீர்ச்செடியை நட்டு, வாரம் ஒருமுறை செப்டிக் டேங்க் கசட்டை விட்டார்கள். சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 250 கிலோ திடப்பொருள் என்ற அளவே பொருத்தமானதென்று கண்டார்கள். தண்ணீர் உடனே வடிந்தால் சம்பு வாடிவிடும் என்பதால், வடிநீரை ஆறு நாள் படுகைக்குள்ளேயே தேக்கிவைத்தார்கள். அந்தத் தேக்கம் நைட்ரஜனைக் குறைக்கவும் உதவியது. பல ஆண்டுகள் கசட்டை அள்ளாமலேயே படுகைகள் இயங்கின.

செடி இங்கே அழகுக்காக நிற்பதில்லை. காற்றில் தண்டு அசையும்போது கசட்டின் மேலேடு வெடித்து நீர் இறங்க வழி பிறக்கிறது. வேர்கள் அடியில் அடைப்பு விழாமல் காத்து, தம்மைச் சுற்றிச் சிறிது ஆக்சிஜனையும் கசியவிடுகின்றன. இலைகள் ஈரத்தை ஆவியாக்குகின்றன. எஞ்சுவது மட்கிய, மண் போன்ற பொருள்.

இடம் அதிகம் வேண்டும் என்பதும், வடிநீரைத் தனியே சுத்திகரிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒழுங்கைப் பற்றியது. நட்ட முதல் சில மாதங்கள் கசட்டைச் சிறிது சிறிதாகத்தான் விட வேண்டும். பிறகும் ஒவ்வொரு படுகைக்கும் ஓய்வு நாட்கள் வேண்டும். வரிசையில் நிற்கும் லாரிகளையெல்லாம் ஒரே படுகையில் காலிசெய்தால் செடிகள் பட்டுப்போகும், பிறகு அதுவும் சுரண்ட வேண்டிய வெறும் படுகையாகிவிடும். ஆகவே புதிய நிலையங்களுக்கான ஒப்பந்தத்திலேயே உயரமான படுகைச் சுவர், போதிய எண்ணிக்கையில் படுகைகள், சுழற்சி அட்டவணை, செடி பராமரிப்பவருக்கு நிரந்தர ஊதியம் ஆகியவற்றைப் பேரூராட்சிகள் எழுதிச் சேர்க்க வேண்டும்.