பேர் வெட்டாத நிலை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் வாசல் நிலை, உத்தரம், ஜன்னல் கம்பி, பீங்கான் சாடி, எனாமல் தூக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நான் மரம் வாங்குவது அங்கேதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன். அந்த நினைப்பிலேயே, உடைந்த தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல் சில்லுகளையும் சேர்த்துச் சுவரில் மாட்டும் பலகைகள் செய்வேன்.

முதல் பலகையைப் பாழாக்கிவிட்டேன். ஒரு நிலையின் மேல்கட்டை அது. பர்மா தேக்கு. மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் படிந்து கறுத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். பார்க்க வந்த ஆச்சி ஒருவர் கையால் தடவிவிட்டு, "எத்தனை வெள்ளிக்கிழமை பொட்டு வச்ச நிலையோ, அழிச்சிட்டியேப்பா" என்றார். அப்புறம், "எந்த ஊரு, எந்த வீட்டு நிலை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடையில் கேட்கவே தோன்றவில்லை.

கரண்டியில்கூட வீட்டு விலாசத்தைப் பேர் வெட்டி வைக்கும் ஊர் இது. கல்யாணச் சீராகப் போன பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூன்று தலைமுறை கழித்தும் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரின் மரம் பேர் இல்லாமல் போவது எனக்கு வலிக்கிறது.

இந்த வீடுகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்து வந்த பணத்தில் எழுந்தவை பல. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. போட்ட முதல் போனது. அதற்குப்பின் ஒரே வீட்டுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பெருகி, ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் ஒத்துவர வேண்டியிருக்கிறது. மழை அதுவரை காத்திருக்குமா?

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலைத்துறை ஊழியர் 1957 வாக்கில் ரகசியமாக ஒரு வேலை தொடங்கினார். புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைந்த பீங்கானையும் வளையலையும் பொறுக்கி வந்து பொம்மைகளாக நிறுத்தினார். 1976-இல் அந்தப் பாறைத் தோட்டத்தை மக்களுக்குத் திறந்தார்கள். அங்கே வளையல் துண்டு வளையல் துண்டாகவே தெரியும். எனக்கு அவர்தான் ஆசான்.

அதனால், இந்த வேலை செய்யும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். தூசி தட்டுங்கள், கரையான் மருந்து அடியுங்கள், சரி. பொட்டையும் சுண்ணாம்புக் கறையையும் ஆணித் துளையையும் தொடாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் வீட்டில் தூணைக் கழற்றித் தரச்சொல்லி முன்பணம் கொடுக்காதீர்கள். விழுந்ததை மட்டும் எடுங்கள். கடைக்காரரிடம் ஊர் கேளுங்கள், வீடு கேளுங்கள். முகப்பில் இருந்ததா, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் இருந்ததா, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டிலா என்று கேளுங்கள். அதைப் பலகையின் பின்னால் எழுதுங்கள். வாங்குகிறவர்களும் புரட்டிப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது என் மேசையில் ஒற்றை ஜன்னல் கதவு இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்திருக்கிறது. நாலு முறை கேட்டதற்கு, "தேவகோட்டைப் பக்கம், மேல்மாடி ஜன்னல்" என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். அவ்வளவையும் பின்னால் வெட்டி வைத்திருக்கிறேன். விலாசத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.