காணாமல் போனவர்களை மர்மம் என்று விற்காதீர்கள்

நேற்று அந்த வீடியோவுக்குக் கீழே நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், லிங்க் கொடுத்து இன்னும் பத்துப் பேரை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. வீடியோ சொல்லும் கதை இதுதான்: இரண்டாம் உலகப் போரில் இந்திய-பர்மா எல்லையில் பங்சாவ் கணவாய்ப் பக்கம் சரக்கு விமானங்களை விழுங்கிய ஏரி, திரும்பி வராத வீரர்கள், மலைக்குள் ஏதோ சக்தி. பின்னணியில் ஒரு பேய் இசை. நான் கீழே நான்கு வரி எழுதினேன். "அங்கிள், இது என்டர்டெயின்மென்ட், சீரியஸா எடுத்துக்காதீங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீரியஸாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்த விமானங்கள் ஏன் விழுந்தன என்பது தெரிந்த விஷயம். அதில் மர்மம் இல்லை.

1942இல் ஜப்பானியர்கள் பர்மாவில் லாஷியோவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் பர்மா சாலை அடைபட்டது. பெட்ரோல், குண்டு, மருந்து எல்லாவற்றையும் சீனாவுக்கு உதவிய அமெரிக்கர்கள் இனி வானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். சபுவா, டின்ஜான், ஜோர்ஹாட், மோகன்பாரி போன்ற அசாம் தளங்களிலிருந்து கிளம்பி, மலைத்தொடர்களைத் தாண்டி சீனாவின் குன்மிங்கில் இறங்க வேண்டும். அந்த வழிக்கு விமானிகள் வைத்த பெயர் ஹம்ப், அதாவது திமில். 1945 வரை ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு அப்படிப் போனது. அதற்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 600 விமானங்கள், 1,600 பேருக்கு மேல்.

சிகரங்கள் பதினைந்தாயிரம் அடி. சரியான வரைபடம் கிடையாது. மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசும் காற்று விமானத்தை ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான அடி கீழே தள்ளும். இறக்கையில் பனி உறையும், கார்புரேட்டரிலும் உறையும். சி-46 என்ற பெரிய சரக்கு விமானத்தை முழுதாகச் சோதித்து முடிக்காமலே அங்கே அனுப்பினார்கள். அதன் கோளாறுகளைப் பறக்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். பர்மாவின் மிட்சினாவிலிருந்து வரும் ஜப்பானியப் போர் விமானங்கள் வேறு. இவ்வளவுக்கும் நடுவில், போர் வந்திருக்காவிட்டால் கல்லூரியில் உட்கார்ந்திருக்க வேண்டிய பையன்கள், இரவில், மேகத்துக்குள். ஒன்றரை கிலோமீட்டர் நீள ஏரி ஒன்று இத்தனை விமானங்களையும் விழுங்கியது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அவை அருணாசலத்திலும் பர்மாவிலும் சீனாவின் யுன்னானிலும் மலை மலையாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்த வழியையே அலுமினியப் பாதை என்று சொன்னார்கள். விழுந்த விமானங்களின் தகடு வெயிலில் மின்னுமாம், அதைப் பார்த்தே வழி தெரியுமாம்.

இதை நான் எங்கோ படித்துவிட்டு மட்டும் எழுதவில்லை. பழைய நண்பர்களுக்குத் தெரியும், விமானப் படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன் நான். தொண்ணூறுகளில் ஜோர்ஹாட்டில் ஏஎன்-32 சரக்கு விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே தளம், அதே மலை, அதே மேகம். விமானம் கிளம்புமுன் ஃபார்ம் 700இல் கையெழுத்துப் போட வேண்டும். என் இன்ஜின் சரியாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுப்பது அது. ஒரு நாள் காலையில் நான் கையெழுத்துப் போட்ட விமானம் மலைக்குள் சரக்கு போடப் போனது, மதியத்துக்குள் திரும்பவில்லை. ரேடியோவில் சத்தம் இல்லை. நான்கு மணி நேரம். ஹேங்கர் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கிளாம்ப்பாக, ஒவ்வொரு பைப்பாக மனதில் தொட்டுப் பார்த்தேன். அந்த இடது பக்கப் பைப் இணைப்பை, யூனியனை, இறுக்கினேனா? இறுக்கினேன். உண்மையாகவே இறுக்கினேனா? குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பைலட்டின் மனைவி கைக்குழந்தையோடு வந்து நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வானிலை மோசமாகி வேறு தளத்தில் இறங்கியிருந்தார்கள். தகவல் வந்து சேரத்தான் தாமதம். எல்லோரும் பத்திரம். ஆனால் அந்த நான்கு மணி நேரம் இன்னும் எனக்குள் முடியவில்லை. அதையே ஐம்பது வருஷம், எழுபது வருஷம் என்று நீட்டிப் பாருங்கள். அப்புறம் எனக்கு என்டர்டெயின்மென்ட் என்று சொல்லுங்கள்.

"நாங்கள் வீடியோ போடாவிட்டால் இந்த வரலாறே யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் வாதாடினார். சரி, அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என் பேரனுக்கே அங்கிருந்துதான் தெரிய வந்தது. ஆனால் அவனுக்குத் தெரிய வந்தது என்ன? அங்கே பேய் இருக்கிறது என்பதுதானே?

"தலை வேட்டையாடும் பழங்குடிகள்" என்று வேறு சொல்கிறார்கள். 1943 ஆகஸ்டில் ஒரு சி-46இன் இன்ஜின் பழுதாகி, அதிலிருந்தவர்கள் பாரசூட்டில் நாகா மலையில் குதித்தார்கள். 21 பேரில் துணை விமானி ஒருவர்தான் இறந்தார். மீதி 20 பேருக்கும் சோறும் இடமும் கொடுத்தது அந்த நாகா கிராமத்து மக்கள். அடிபட்டவர்களைப் பார்க்க டான் ஃபிளிக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் தானே குதித்து இறங்கினார். உங்கள் வீடியோவில் இது எங்கே?

அதைவிட என்னைச் சுட்டது இன்னொரு கேள்வி. "செத்தவர்கள் அமெரிக்கர்கள், உங்களுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?" அமெரிக்கர் மட்டுமா? சீன விமானிகளும் ரேடியோ ஆட்களும் அந்த விமானங்களில் இருந்தார்கள். அந்த ஓடுதளங்களுக்குக் கல் உடைத்துப் போட்டது அசாம் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஆட்கள், பெண்களும்தான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நான் ஏன் சொல்ல வேண்டும்? திரும்பி வராத பிள்ளைக்கு எந்த ஊர் பாஸ்போர்ட் இருந்தால் என்ன?

1943 மார்ச் 11இல் குன்மிங்கிலிருந்து டின்ஜானுக்குக் கிளம்பிய சி-53 சரக்கு விமானம் ஒன்று மூன்று பேரோடு யுன்னானில் பியன்மா மலையில் விழுந்தது. அதை ஓட்டியவர் ஜேம்ஸ் ஃபாக்ஸ். அவரோடு வேலை பார்த்த ஃபிளெட்சர் ஹாங்ஸ் என்ற விமானி, தன் எழுபதுகளின் வயதில், காட்டுக்குள் ஏறி அதைத் தேடிப் பிடித்தார். ஐம்பது வருஷம் கழித்து! இன்று அது பியன்மாவில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அருணாசலக் காடுகளில் வருஷக்கணக்காக நடந்து விமானங்களைக் கண்டுபிடித்து வீட்டாருக்குச் சொல்கிறார். 2023இல் அருணாசலத்தின் பாசிகாட்டில் இதற்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். தேட வேண்டியது எப்படி என்று இவர்களெல்லாம் காட்டியிருக்கிறார்கள். இந்திய மண்ணில் மட்டும் ஏறத்தாழ 400 அமெரிக்க வீரர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஊர் உண்டு, தங்கை மகன் உண்டு, அலமாரியில் ஒரு போட்டோ உண்டு.

தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்துக் கதை சொல்கிறேன். நான் இருப்பது சேலையூர். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏஎன்-32இல் 29 பேர். அன்று போர் எதுவும் நடக்கவில்லை. நான் வாழ்நாளில் பாதியைச் செலவழித்த அதே ரக விமானம். வங்கக் கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. செப்டம்பரில் எல்லோரும் இறந்ததாகக் கருதப்படுவதாக வீட்டாருக்குச் சொன்னார்கள். அப்போதும் யூடியூபில் "சென்னை அருகே ஒரு பெர்முடா" என்று ஓடியது. பார்த்தீர்கள், பகிர்ந்தீர்கள். 2024 ஜனவரியில் சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த துண்டுகளை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி படம் எடுத்தது. ஏழரை வருஷம். பெர்முடாவும் இல்லை, சக்தியும் இல்லை. கடல் இருந்தது, அதன் அடியில் விமானம் இருந்தது. அந்தப் படம் வந்த அன்று, பெர்முடா வீடியோ போட்டவர்களில் ஒருவராவது அதை நீக்கினாரா? நான் தேடிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன.

எனக்குக் கோபம் அதிகமாகிவிட்டது என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஜோர்ஹாட்டில் அன்று அவளும்தான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றாள், குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் இப்படி எழுதமாட்டாள்.

தம்பி, நீ இதைப் படிப்பாயா என்று தெரியவில்லை. உன் வீடியோவின் முகப்பில், விமானத்தின் முன்னால் நான்கு பையன்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் பழைய படத்தைப் போட்டிருக்கிறாய். அதில் ஒருவனின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. அந்த மண்டை ஓட்டை எடுத்துவிட்டு, அவர்கள் பெயர் என்ன என்று தேடிப் பார். கிடைத்தால் அங்கே போடு.