வெயில் பட்டால் துத்தநாக ஆக்சைடு காந்தமாகுமா?

"சன்ஸ்கிரீனில் இருக்கும் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் வெயில் பட்டதும் காந்தமாகிவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஆனால் அதற்குள் ஓர் அழகான உண்மை இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு படிகத்தில் ஆக்சிஜன் அணு விடுபட்டுப்போன இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடியாகத் தங்கும். ஸ்பின் (எலக்ட்ரானை ஒரு நுண்ணிய காந்தம்போல் ஆக்கும் இயல்பு) எதிரெதிராக இருப்பதால் அவற்றின் காந்தத்தன்மை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒளி பட்டு ஒன்று வெளியேறினால், மிஞ்சிய ஒற்றை எலக்ட்ரானின் நுண்ணிய காந்தத்தன்மை வெளிப்படும். அதைக் கண்டுபிடிக்கவே எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வுக் கருவி வேண்டும். அதுவும் பெரும்பாலும் மாதிரியை நன்றாகக் குளிரவைத்துத்தான் அளக்கிறார்கள்.

சரி, இரும்பை இழுக்குமா? அதற்குக் கோடானுகோடி ஸ்பின்கள் தாமாகவே ஒரே திசையில் சேர்ந்து நிற்க வேண்டும். இங்கே அவை ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. ஒளி நின்று எலக்ட்ரான் திரும்பிவந்து ஜோடி சேர்ந்தால் அந்தக் காந்தத்தன்மையும் போய்விடும்.