ஒல்லியா இருக்கிறவனுக்கு தொப்பை வரக்கூடாதுன்னு எவன் சொன்னான்?

ஒல்லியா இருக்கிற ஒருத்தன் வாயைத் திறந்து "எனக்கு தொப்பை இருக்குங்க, குறையவே மாட்டேங்குது"ன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த செகண்ட் ஒரு சிரிப்பு வரும். "நீயே ஒட்டடைக்குச்சி, உனக்கெல்லாம் தொப்பையா"ன்னு ஒருத்தர், "காத்தடிச்சா பறந்துருவ, இதுல டயட் வேறயா, ஒழுங்கா சாப்பிடு"ன்னு இன்னொருத்தர். சரின்னு சட்டையைத் தூக்கிக் காட்டினா பேச்சு அப்படியே பல்டி அடிக்கும், "அட ஆமாடா, கை காலெல்லாம் குச்சியா இருக்கு, இது மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு"ம்பாங்க. அதைத்தானே நானும் கேட்டுட்டு இருக்கேன்!

கிண்டலைக் கூட விட்டுடலாம், இந்த அட்வைஸைத்தான் தாங்க முடியல. யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில், "ஒரு ஆறேழு கிலோ குறைச்சிரு, தானா போயிடும்". எதுல இருந்துங்க குறைக்கிறது? 170 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடைன்னு ஒரு ஆளை வச்சுக்கோங்க. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 20.8 வரும், பக்கா நார்மல். இந்த ஆளு 7 கிலோ குறைச்சா 53, பிஎம்ஐ 18.3. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 18.5க்கு கீழ போனாலே எடை பத்தாத ஆளு. அதாவது வயித்துல தொங்குற கொஞ்சூண்டு சதைக்காக முழு ஆளையும் நோஞ்சான் ஆக்குறதுதான் இவங்க சொல்ற வைத்தியம். அப்படி பட்டினி கிடந்து குறைக்கிறப்ப கொழுப்பு மட்டுமா போகுது? வெயிட் தூக்குறதும் இல்ல, புரோட்டீனும் பத்தல, சாப்பாட்டை மட்டும் வெட்டுறோம்னா தசையும் சேர்ந்துதான் கரையும், கன்னம் ஒட்டிப்போகும், தோள்பட்டை எலும்பு துருத்திட்டு நிக்கும், பாக்குறவங்கல்லாம் "என்னாச்சு, உடம்பு சரியில்லையா"ன்னு விசாரிப்பாங்க, தொப்பை மட்டும் நான் எங்கயும் போறதா இல்லன்னு உக்காந்திருக்கும்.

அடுத்து வருது பாருங்க க்ரஞ்ச் கோஷ்டி, அதான் மல்லாக்க படுத்து தோளைத் தூக்கி வயித்தை இறுக்குற எக்சர்சைஸ். எந்த ரீல்ஸைத் தொறந்தாலும் ஏற்கனவே கட்டுமஸ்தா இருக்கிற ஒருத்தர் தரையில படுத்துக்கிட்டு "இந்த மூணு எக்சர்சைஸ் பண்ணுங்க, அடிவயிறு காணாம போயிடும்"னு சொல்றாரு. அவருக்கு அடிவயித்துல கொழுப்பு இருந்ததே இல்ல, அது வேற விஷயம். இந்தப் பொய்யை சோதிச்சுப் பாத்து 40 வருஷம் ஆகுதுங்க. 1984ல ஒரு ஆய்வு வந்துச்சு, 27 நாள்ல ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வச்சாங்க. ஆமா, ஐயாயிரத்து நாலு. முன்னாடியும் பின்னாடியும் வயிறு, முதுகு, புட்டம்னு மூணு இடத்துல ஊசி போட்டு கொழுப்பு செல்லை எடுத்து அளந்து பாத்தா, வயித்துல தனியா எதுவும் விசேஷமா கரையல, மூணு இடத்துலயும் நடந்தது ஒரே கதைதான். அதுக்கும் முன்னாடி 1971லயே டென்னிஸ் ஆடுறவங்களை வச்சுப் பாத்திருக்காங்க. வருஷக்கணக்கா ஒரே கையால ஆடுறாங்களே, அந்தக் கையில கொழுப்பு கம்மியா இருக்கணும்ல? தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு ரெண்டு கையிலயும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஆடுற கை பெருசா இருந்துச்சு, அது தசை.

காரணம் ரொம்ப சிம்பிள். கொழுப்பு செல்லுல இருந்து உடையுற ஃபேட்டி ஆசிட் நேரா ரத்தத்துல கலக்குது, வேலை செய்யுற தசை ரத்தத்துல இருந்துதான் அதை எடுத்துக்குது, பக்கத்துலயே இருக்குன்னு தோலுக்கு அடியில கையை விட்டு எடுத்துக்காது. கிணத்துல கிழக்குப் பக்கமா வாளியை விட்டா கிழக்குப் பக்கத் தண்ணி மட்டுமா இறங்கும்? சரி, கிணறாவது சமமா இறங்கும், உடம்புல அந்த நியாயம் கூட கிடையாது. அட்ரினலின்ங்கிற ஹார்மோன் வந்து கொழுப்பை வெளிய விடுன்னு சொல்றப்ப, பீட்டா ரிசெப்டார் (ஹார்மோன் வந்து ஒட்டுற இடம்) ஜாஸ்தி இருக்கிற செல்லு சொன்ன பேச்சைக் கேக்கும், ஆல்ஃபா-2 ரிசெப்டார் ஜாஸ்தி இருக்கிற செல்லு அதே அட்ரினலினைப் பாத்துட்டு கதவை இழுத்து சாத்திக்கும். பொதுவா ஆம்பளைங்களுக்கு அடிவயிறும் இடுப்பு ஓரமும், பொம்பளைங்களுக்கு இடுப்பும் தொடையும்தான் இந்த அடாவடி பார்ட்டி. அதனாலதான் முகத்துலயும் கையிலயும் முதல்ல போகுது, யார் கேட்டா அங்க? எங்க முதல்ல போகும் எங்க கடைசியா போகும்ங்கிறதை பரம்பரையும் ஹார்மோனும் முடிவு பண்ணுது, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்குறது இல்ல.

இந்த கேப்லதான் வியாபாரிங்க புகுந்து விளையாடுறாங்க. வயித்துல கட்டிக்கிற வேர்வை பெல்ட், பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஓடுறது, கொழுப்பைக் கரைக்கிற ஜூஸ், தடவுனா உருகுற கிரீம். உருகி எங்க சார் போகும், காதுலயா? 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அழகா கணக்கு போட்டுக் காட்டிட்டாங்க, 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா அதுல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா வெளிய போகுது, மிச்சம் 1.6 கிலோ தண்ணியா போகுது. பெல்ட்டைக் கட்டி வேர்த்துக் கொட்டினா போறது உடம்புத் தண்ணி, ரெண்டு டம்ளர் குடிச்சா திரும்ப வந்துரும். உக்காந்த இடத்துலயே கரன்ட் ஷாக் குடுத்து வயித்தைத் துடிக்க வைக்கிற பெல்ட் இருக்கே, அதை இப்படிப் பொய் சொல்லி விக்கிறாங்கன்னு அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002லயே கேஸ் போட்டுச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் அதே ஐட்டம் புது கலர்ல, புது பேர்ல வந்து நிக்குது, வாங்கவும் ஆள் இருக்கு.

எனக்கு இதை விட பெரிய கோவம் எடை மெஷின் மேலதான். பிஎம்ஐங்கிற கணக்கைக் கொண்டு வந்தது கெட்லேன்னு ஒரு பெல்ஜியம்காரர், 1830கள்ல, அவரு டாக்டரே இல்ல, வானியலும் புள்ளியியலும் பாத்தவரு, ஜனங்களோட சராசரியை அளக்க போட்ட கணக்கு அது. அதை வச்சு ஒருத்தனைப் பாத்து "நீ நார்மல், கெளம்பு"ன்னு அனுப்புறது என்ன நியாயம்? 2004ல லான்செட் பத்திரிகையில ரெண்டு டாக்டருங்க, யாஜ்னிக், யுட்கின்னு பேரு, பக்கத்து பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப் போட்டாங்க. ஒருத்தர் இந்தியர், ஒருத்தர் பிரிட்டிஷ்காரர், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சு அசலா 22.3. உடம்புக் கொழுப்பு பாத்தா ஒருத்தருக்கு 9.1 சதவீதம், இன்னொருத்தருக்கு 21.2. ஜாஸ்தி யாருக்குன்னு சொல்லணுமா, நம்மாளுக்குத்தான். எடை மெஷின் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தான் போடும். ஒல்லியா இருக்கிறவனுக்கு வயித்துக்குள்ள, கல்லீரலையும் குடலையும் சுத்தி கொழுப்பு இருக்கலாம், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் ஏறலாம், ஆனா ஆள் ஒல்லியா இருக்கான்ல, அதனால டெஸ்ட் எடுக்கச் சொல்ல யாருக்கும் தோணாது. ஒரு டேப்பை எடுத்து கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்திப் பாக்க ஒரு நிமிஷம் ஆகுமா? சுற்றளவு உயரத்துல பாதியைத் தாண்டக்கூடாது, 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 85, அவ்ளோதான் கணக்கு. அளக்குறப்ப வயித்தை எக்காதீங்க, யாரை ஏமாத்தப் போறோம்.

அப்ப என்னதான்டா பண்றதுன்னு ஜிம்முக்குப் போனா அங்க ரெண்டு கட்சி. ஒருத்தர் "முதல்ல நல்லா தின்னு 10 கிலோ ஏத்து, அப்புறம் குறைச்சுக்கலாம்"பாரு, அந்த 10 கிலோவுல பாதி நேரா வயித்துக்குத்தான் போகும்னு நமக்கு பயம். இன்னொருத்தர் ட்ரெட்மில்ல ஏத்தி விட்டுட்டு போனை நோண்டப் போயிடுவாரு. ஏம்பா, எங்க உடம்புல பிரச்சனையே தசை கம்மியா இருக்கிறதுதானே! ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்-அப், ரோன்னு பெரிய தசைங்களுக்கு வேலை குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா வெயிட்டை ஏத்தி, தினமும் உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் கிட்ட புரோட்டீன் எடுத்து, சாப்பாட்டை ரொம்பவும் வெட்டாம இருந்தா, தசை ஏற ஏற கொழுப்பு மெதுவா இறங்கும்னு ஒருத்தனாவது தெளிவா சொல்றானா? சொல்ல மாட்டான், ஏன்னா அதுக்கு மாசக்கணக்குல ஆகும், எடை மெஷின்ல முள்ளு நகரவே நகராது, பிஃபோர் ஆஃப்டர் போட்டோ போட முடியாது. ஒரு கிலோ தசை ஏறி ஒரு கிலோ கொழுப்பு இறங்கினா மெஷினுக்கு ஒண்ணுமே நடக்கல. நாமளும் அதைப் பாத்துட்டு ஒண்ணும் நடக்கலன்னு நொந்து போய் திரும்ப பட்டினியில இறங்குறோம்.

தூக்கத்தைப் பத்தி சொன்னா அதுக்கும் சிரிக்கிறாங்க. குண்டா இல்லாத, ஆரோக்கியமான 12 பேரை ரெண்டு வாரம் ராத்திரிக்கு 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்த ஒரு ஆய்வு 2022ல வந்துச்சு, வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பு 11 சதவீதம் கிட்ட ஏறியிருந்துச்சு, எடையில பெருசா மாத்தம் இல்லாமலேயே. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா நைட் ரெண்டு மணி வரைக்கும் "தொப்பை குறைக்க டிப்ஸ்" வீடியோ பாக்குற நம்ம ஜனத்துக்கு இது போதாதா.

இன்னொண்ணு, முன்னாடி தள்ளிட்டு இருக்கிற எல்லாமே கொழுப்பும் கிடையாது. காலையில தட்டையா இருந்து சாயங்காலம் பலூனா ஊதுதுன்னா அது கேஸ், செரிமானம், சில சமயம் மலச்சிக்கல், கொழுப்பு ஒரே நாள்ல ஏறி இறங்காது. இடுப்பு முன்பக்கமா சாஞ்சு முதுகு வளைஞ்சு நிக்கிறவங்களுக்கு கொழுப்பே இல்லாட்டியும் வயிறு துருத்தும். குழந்தை பெத்தவங்களுக்கு வயித்து நடுத்தசை ரெண்டா பிரிஞ்சு அப்படியே இருந்துடலாம், அவங்களைப் பாத்து "க்ரஞ்ச் பண்ணுங்க"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்றவனுங்களை என்ன பண்றது? சில வயித்துப் பயிற்சி அந்தப் பிரிவுக்கு ஒத்துக்காது, பிசியோதெரபிஸ்ட் பாத்து சொல்லிக் குடுக்க வேண்டிய விஷயம் அது. புதுசா வயிறு வீங்கி வலியோட எடையும் தானா இறங்குதுன்னா அதுக்கு ரீல்ஸ் பாக்கக்கூடாது, டாக்டரைப் பாக்கணும்.

இத்தனைக்கும் நடுவுல துணி எடுக்கப் போற கொடுமை வேற. இடுப்புக்கு சரியா இருக்கிற பேண்ட் தொடையில ரெண்டு பேர் நுழையுற அளவுக்கு தொளதொளன்னு இருக்கும், தொடைக்கு சரியா இருந்தா பட்டன் போட மூச்சைப் பிடிக்கணும். ஸ்லிம் ஃபிட் சட்டை தோள்ல பொருந்தும், நாலாவது பட்டன்ல வாயைப் பொளக்கும், ஒரு சைஸ் பெருசு எடுத்தா கை நீளம் விரலை மூடும். ட்ரையல் ரூம் வாசல்ல நிக்கிற ஆளு மேலயும் கீழயும் பாத்துட்டு "உங்க உடம்புக்கு எது போட்டாலும் நல்லா இருக்கும் சார்"ங்கிறாரு. உள்ள மூச்சை இழுத்துப் பிடிச்சு நிக்கிறவனால அவருக்கு பதில் கூட சொல்ல முடியல.