சும்மா கிடக்கிற மணலாம்!

சனி, ஞாயிறு வந்தாலே எங்களுக்கு வயிறு எரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி வருகிற ஜீப்புகளும், வாடகைக்கு விடுகிற அந்தக் குண்டு டயர் பைக்குகளும் எங்கள் குப்பத்து மணல்மேட்டை உழுதுவிட்டுப் போகின்றன. டயரில் காற்றை இறக்கு, உச்சிக்கு ஏற்று, சர்ரென்று சரிந்து இறங்கு, வீடியோ எடு. மறுபடி ஏற்று. கேட்டால் சாகசமாம்!

"சும்மா கிடக்கிற மணல்தானே, உங்க அப்பன் வீட்டு சொத்தா?" என்கிறான் ஒரு தம்பி. சும்மாவா கிடக்கிறது? மேட்டில் படர்ந்திருக்கிற அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் காற்றில் பறந்து வரும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மேடு வளர்வதே அவற்றால்தான். ஒரே தடத்தில் நாலு தடவை வண்டி ஏறினால் கொடி அறுந்து, வேர் வெளியே வந்து கருகிவிடும். அப்புறம் கார்த்திகைப் புயலில் அந்தத் தடம் வழியாகத்தான் தண்ணீர் ஊருக்குள் வரும். 2004 சுனாமியில் நல்ல மணல்மேடு இருந்த பல ஊர்களில் சேதம் குறைவு. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும், ஹெல்மெட் கூடப் போடாத உனக்குத் தெரியாது.

போன வாரம் அத்தை காயப்போட்டிருந்த நெத்திலி மேல் ஒருவன் மணலை வாரி இறைத்துவிட்டுப் போனான். அத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். பல்லில் நறநறவென்று கடிபட்டால் எந்த வியாபாரி வாங்குவான்?

தை பிறந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமை வேறு முட்டையிடக் கரையேறும். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போய்விடும். பொரிந்து வருகிற குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். டயர் பள்ளத்தில் விழுந்தால் மேலே ஏற முடியாமல் பள்ளத்தோடேயே போய், விடிந்ததும் காக்கைக்கு இரை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரியெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

சட்டம் இல்லையா? பொழுதுபோக்குக்காக மணல்மேட்டை மாற்றக் கூடாது என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. 2019 அறிவிக்கையும் மணல்மேட்டில் கைவைக்கத் தடை போடுகிறது. நாங்கள் வலை வைக்க ஓலைக் கொட்டகை போட்டால் அளக்கிற டேப்பைத் தூக்கிக்கொண்டு அதிகாரி வருகிறார். ஜீப் ஏறும்போது மட்டும் ஒருத்தரையும் காணோம்.

உங்கள் டிராக்டரும் மணலில்தானே ஓடுகிறது என்பீர்கள். ஓடுகிறது, அலையோரத்து ஈர மணலில், படகு இழுக்க. மேட்டில் ஏறி ஆட்டம் போடுவதில்லை.

இதில் பெரிய கூத்து, வண்டி அச்சு வரை புதைந்துவிட்டால் அதே வாய் "அண்ணா, டிராக்டர் கொஞ்சம் கிடைக்குமா?" என்று குழைகிறது. இதுவரை பாவம் பார்த்து இழுத்துவிட்டோம். இனிமேல் முன்பணம் கைக்கு வராமல் கயிற்றைத் தொடுவதில்லை என்று ஊரில் பேசியாகிவிட்டது.